பிள்ளைகளின் கையில் எந்தக் கதைப்புத்தகம்?



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோம். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர், வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தவர் என்று அவரை நாம் அறிவோம். 1939இல் அவர் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' மிகச் சிறிய நூல். அதில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றிச் சில வரிகளே உண்டு. சுமார் 400 பேர் படித்த இடத்தில் பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் பிராமணப் பிள்ளைகள். தன் சாதி தெரிந்துவிட்டால் தாழ்வாக நடத்துவார்கள் என்ற பயத்தில் அவர் யாரோடும் சேராமல் இருந்திருக்கிறார். பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போயிருக்கிறார்.

அந்தப் பையனுக்குப் புத்தகம் ஒரு மறைவிடமாக இருந்தது. இன்று நம் பிள்ளைகள் மணி அடிக்கும் முன்பே வகுப்புக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் கொடுக்கப்படும் கதைப்புத்தகத்துக்குள் அவர்களுக்கு இடம் இருக்கிறதா? இருந்தால் எந்த இடம்? குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் கதைகளையும் நாவல்களையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். "பிள்ளை ஏதோ ஒன்றைப் படித்தால் போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. ஏழு வயதில் படித்த கதை எழுபது வயதுவரை மனதில் கிடக்கிறது. அப்படிக் கிடக்கப்போவது எது என்பதில் நமக்கு அக்கறை இருக்க வேண்டும்.

அப்பா கொடுத்த புத்தகமும் மகன் கேட்ட கேள்வியும்

'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு அம்பேத்கர் எழுதிய முன்னுரை ஒன்று, முதற்பதிப்பில் இடம்பெறாமல் பின்னாளில் வெளியானது. அதில் தன் சிறுவயது வாசிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆங்கிலம் நான்காம் வகுப்பில் அவர் தேறியபோது, சமூகத்தில் அந்தப் படியைத் தொட்ட முதல் பையன் என்று சொந்த மக்கள் பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினார்கள். பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று அப்பா ராம்ஜி சக்பால் முதலில் மறுத்தார். பிறகு தாதா கேளுஸ்கரின் சொல்லுக்காக ஒப்புக்கொண்டார். அந்தக் கூட்டத்தின் முடிவில் கேளுஸ்கர், தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பையனுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

அதைப் படித்து நெகிழ்ந்த மகன் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்கிறார். பிராமணர், சத்திரியர் பெருமையைப் பேசி, சூத்திரரையும் தீண்டப்படாதோரையும் சிறுமைப்படுத்தும் மகாபாரதத்தையும் இராமாயணத்தையும் எங்களை ஏன் படிக்க வைத்தீர்கள்? புத்தரைப் பற்றிய நூல்களை ஏன் தரவில்லை?

அப்பாவிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. நாம் தீண்டப்படாதவர்கள், நமக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துவிடும். துரோணரும் கர்ணனும் சிறிய நிலையிலிருந்து எவ்வளவு உயரத்துக்குப் போனார்கள் பார். வால்மீகி கோலி சாதியைச் சேர்ந்தவர், அவர்தான் இராமாயணம் எழுதினார். தாழ்வு மனப்பான்மையைப் போக்கத்தான் இவற்றைப் படிக்கச் சொன்னேன் என்றார். அதில் ஓரளவு நியாயம் இருப்பது மகனுக்குத் தெரிந்தது. ஆனாலும் திருப்தி வரவில்லை. பீஷ்மரையும் துரோணரையும் எனக்குப் பிடிக்கவில்லை, கிருஷ்ணனைப் பிடிக்கவில்லை, வாலி விஷயத்திலும் சீதை விஷயத்திலும் இராமன் நடந்துகொண்டது பிடிக்கவில்லை என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. மகனுக்குள் ஒரு கலகம் எழுந்துவிட்டதை அவர் அறிந்துகொண்டார்.

குழந்தைகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பதைப் பற்றி நமக்குத் தேவையான இரண்டு பாடங்கள் இங்கே இருக்கின்றன. ஒன்று, ராம்ஜி சக்பால் காரணத்தோடு தேர்ந்தெடுத்தார். கையில் கிடைத்ததைத் தூக்கிக் கொடுக்கவில்லை. மற்றொன்று, மகன் மறுத்தபோது அவர் அடக்கவில்லை. புத்தகத்தைத் தேர்வது பெரியவர்களின் கடமை, அதை மறுப்பது பிள்ளையின் உரிமை. இந்த இரண்டும் சேர்ந்த வீட்டில்தான் அம்பேத்கர் வளர்ந்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அப்பா நம்பிக்கைக்கு உதாரணமாகக் காட்டிய அதே துரோணர்தான் ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டவர். சிறிய நிலையிலிருந்து உயர்ந்தவர், தனக்கும் கீழே இருந்த ஒரு வேட்டுவச் சிறுவன் உயர்வதைத் தடுத்தார். கதை ஒன்றுதான். துரோணரின் பக்கத்தில் நின்று படிப்பதும் ஏகலைவனின் பக்கத்தில் நின்று படிப்பதும் வேறு வேறு.

கதை யார் பக்கத்தில் நிற்கிறது?

ஏகலைவன் கதை குருபக்திக்கு எடுத்துக்காட்டாகத்தான் குழந்தைகளுக்குச் சொல்லப்பட்டுவந்திருக்கிறது. நந்தன் கதை சிவபக்திக்கு எடுத்துக்காட்டு. பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் தீயில் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக வெளியே வந்த பிறகுதான் தில்லைக் கோயிலுக்குள் போகிறார். இந்தக் கதையைக் கேட்கும் குழந்தைக்கு இயல்பாக ஒரு கேள்வி வரும்: மற்றவர்கள் நடந்து போன வாசலில் அவரை மட்டும் ஏன் தீ வழியாக வரச் சொன்னார்கள்? அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்காமல், கடைசி வரியில் நீதி எழுதி மூடிவிடும் புத்தகம் நமக்கு வேண்டாம்.

பண்டிதர் அயோத்திதாசர் இதை நூறாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அவர், நந்தனை அடிமையாகப் பார்க்காமல் அரசனாகக் கண்டு வரலாற்றை எழுதினார். குழந்தைகள் முதன்முதலில் மனப்பாடம் செய்யும் ஆத்திசூடிக்கும் கொன்றைவேந்தனுக்கும் பௌத்த வழியில் உரை எழுதினார். பெரிய தத்துவ நூல்களோடு நின்றுவிடாமல், குழந்தை வாயில் முதலில் நுழையும் வரி யாருடைய கையில் இருக்கிறது என்று பார்த்த அறிவாளி அவர்.

எனவே பழைய கதைகளை எல்லாம் தூக்கி எறிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எறிந்தாலும் அவை தொலைக்காட்சியிலும் பாடப்புத்தகத்திலும் பாட்டியின் வாயிலும் திரும்ப வரும். அவற்றைப் படிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ ஏகலைவனாக இருந்தால் விரலைக் கொடுத்திருப்பாயா?" என்று கேட்டால் போதும். மற்றதைக் குழந்தை பார்த்துக்கொள்ளும்.

சொற்களைப் போலவே படங்களையும் பாருங்கள். 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசையில் அரக்கர்களின் கறுப்பும் பருத்த உடலும், தேவர்களின் வெளுப்பும் பற்றிப் பலர் விமர்சித்திருக்கிறார்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தைக்கும் படம் புரியும். தன் அம்மாவின் நிறம் எப்போதும் அரக்கியின் நிறமாகவே இருப்பதை அது யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறது.

கறுப்பு மக்கள் செய்த வேலை

நிறத்தைப் பற்றிப் பேசும்போது, இதே கேள்வியை நமக்கு முன்பே கையில் எடுத்த அமெரிக்கக் கறுப்பின மக்களை நினைக்க வேண்டும். டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ், ஜெஸ்ஸி ஃபாசெட், அகஸ்டஸ் டில் ஆகியோர் சேர்ந்து 1920 ஜனவரியில் 'தி பிரவுனீஸ் புக்' என்ற மாத இதழைக் கறுப்பினக் குழந்தைகளுக்காகவே தொடங்கினார்கள். 1921 டிசம்பரோடு நின்றுவிட்டது. வந்தவை 24 இதழ்களே. ஆனால் பள்ளிப்படிப்பை முடித்த கையோடு லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற இளைஞர் எழுதி அனுப்பிய கவிதைகள் அதில்தான் வெளிவந்தன. அவர் பிறகு என்னவாக ஆனார் என்பது இங்குள்ள இலக்கிய மாணவர்களுக்குத் தெரியும். இரண்டே ஆண்டுகள் நடந்த ஒரு சிறுவர் இதழ் ஒரு பெருங்கவிஞனுக்கு வாசலாக இருந்தது.

1965இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் ஒரு கணக்கெடுத்தார். மூன்று ஆண்டுகளில் 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 குழந்தைப் புத்தகங்களில், ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்றவை 349 மட்டுமே. அதாவது 6.7 சதவீதம். புத்தகங்களில் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளாகவே ஏன் இருக்கிறார்கள் என்று ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி கேட்டதிலிருந்துதான் அவர் கட்டுரை தொடங்குகிறது. தமிழ்க் குழந்தைப் புத்தகங்களில் இப்படி ஒரு கணக்கை எடுக்க வேண்டியது இங்கிருக்கும் ஆய்வு மாணவர்களின் வேலை. ஊர் நூலகத்தின் ஒரு அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். கதை எந்தத் தெருவில் நடக்கிறது, பிள்ளையின் அப்பா என்ன வேலை செய்கிறார், வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் குறித்துவந்தால் போதும்.

1990இல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியர், குழந்தைக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார். கண்ணாடியில் தன்னைப் பார்க்கலாம், சன்னல் வழியே பிறரைப் பார்க்கலாம். எல்லாப் புத்தகத்திலும் தன்னையே பார்த்து வளரும் ஆதிக்கப் பிரிவுக் குழந்தைக்கும் அது கேடு என்று அவர் சொன்னதை நாம் மறந்துவிடக் கூடாது. அதற்குப் பிறகு வருகிறோம்.

காயம் மட்டும் போதுமா?

நம் வாழ்க்கை வரும் புத்தகம் என்றால் உடனே நல்ல புத்தகம் ஆகிவிடுமா? இதை நமக்குள்ளேயே பேசியாக வேண்டும். ஒரு தலித் சிறுவன் கதைக்குள் வந்த உடனே அடிபடுகிறான். அவமானப்படுகிறான். கடைசியில் நல்ல மனம் படைத்த ஆசிரியர் ஒருவர் அல்லது பெரிய வீட்டுப் பையன் ஒருவன் அவனைக் காப்பாற்றுகிறான். இப்படிப்பட்ட கதை இரக்கத்தோடு எழுதப்பட்டதாக இருக்கலாம். ஆனால் அதைப் படிக்கும் நம் பிள்ளைக்கு, கதையில் தனக்கு இருக்கும் வேலை அடி வாங்குவதும் நன்றி சொல்வதும்தான் என்று தோன்றிவிடும். நம் தெருப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஏமாற்றுகிறார்கள், கிணற்றில் குதிக்கிறார்கள், கோழி திருடி மாட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் கதையில் எங்கே?

சிறு குழந்தைகளுக்கு, அதாவது எட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு, முதலில் மகிழ்ச்சியைக் கொடுங்கள். ஹைதராபாத்தில் உள்ள அன்வேஷி பெண்கள் ஆய்வு மையம் 2008இல் 'டிஃபரன்ட் டேல்ஸ்' என்ற வரிசையைத் தெலுங்கு, மலையாளம், ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. அதில் ஒரு புத்தகம் ஆட்டுத் தலைக்கறி சமைப்பதைப் பற்றியது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவதுதான் கதை. கோகு சியாமளாவின் கதை ஒன்றில், புராணம் அரக்கியாகக் காட்டிய தாடகையின் பெயர் ஒரு தலித் சிறுமியின் துணிச்சலுக்கு அடையாளமாகிறது. தன் வீட்டு அடுப்பும் தன் வீட்டுக் கறியும் அச்சில் வந்திருப்பதைப் பார்க்கும் குழந்தை, சாப்பாட்டு டப்பாவை வகுப்பில் மூடி மறைக்காது. எந்தத் தத்துவ விளக்கமும் கொடுக்காத துணிவை அது கொடுக்கும்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்குள் குழந்தைக்கு உலகம் தெரிய ஆரம்பிக்கிறது. பள்ளியிலோ கடையிலோ ஏதோ ஒன்று நடந்திருக்கும். அப்போது சாதியைப் பற்றிப் பேசும் புத்தகம் வேண்டும். 1901இல் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் புறப்பட்ட சிறுவன் பீமனையும் உடன் வந்த பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ள மசூர் ரயில் நிலையத்தில் வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். இரட்டிப்புக் கூலி பேசி, பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டியிருந்தது. இதை அம்பேத்கரே எழுதியிருக்கிறார். துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்கள் வரைந்து 2011இல் வெளிவந்த 'பீமாயணம்' இந்தப் பயணத்தைப் படக்கதையாக்கியது. தமிழிலும் வந்திருக்கிறது. அதில் கொடுஞ்சொல் பேசுகிறவர்களின் பேச்சுக் குமிழுக்குத் தேள் கொடுக்கு வரைந்திருப்பார்கள். அன்பானவர்களின் பேச்சு பறவை வடிவத்தில் இருக்கும். பத்து வயதுப் பிள்ளையிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுத்து, "உன்னிடம் தேள் கொடுக்கோடு பேசியது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். நேராகக் கேட்டால் சொல்லாததையெல்லாம் சொல்வார்கள்.

பதின்மூன்று வயதுக்கு மேல்

வளரிளம் பருவத்தில் நாவலும் தன்வரலாறும் வந்துவிடுகின்றன. இங்கே நம்மிடம் செல்வம் குவிந்து கிடக்கிறது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கொண்டுபோவதைப் பார்த்துச் சிரித்த சிறுமி, அண்ணன் சொன்ன பிறகு அதன் காரணத்தை அறியும் பகுதி பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. ஆங்கிலப் பாடநூலில் இருக்கிறது. ஆனால் அந்தப் பாடம், அண்ணன் சொன்னபடி அவள் படித்து முதலிடம் வாங்க, பலரும் நண்பர்களானார்கள் என்ற இடத்தில் முடிந்துவிடுகிறது. நூலோ அங்கே முடியவில்லை. படித்து, வேலைக்குப் போய், துறவற மடத்துக்குள் போன பிறகும் சாதி அவரைப் பின்தொடர்ந்து வருவதைச் சொல்கிறது. "படித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற ஆறுதலோடு மாணவர்களை விட்டுவிடாதீர்கள். பாடத்தில் பகுதியைப் படித்த மாணவர் கையில் முழு நூலையும் கொடுங்கள்.

கே. ஏ. குணசேகரனின் 'வடு' பள்ளி நாட்களைச் சொல்லும் தன்வரலாறு. சிறிய நூல், நேரான நடை. பெரிய புத்தகத்தைக் கண்டு தயங்கும் மாணவருக்கு இதிலிருந்து தொடங்கலாம். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் பண்ணையில் கட்டுண்டு ஆடு மேய்க்கும் சிறுவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குள் இருக்கும் விளையாட்டும் பங்கு போட்டுத் தின்னும் பாசமும் நாவல் முழுக்க உண்டு, முடிவு கனமானது. பூமணியின் 'வெக்கை'யில் பதினைந்து வயதுச் சிதம்பரம் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு அப்பாவோடு காட்டில் அலைகிறான். 'அசுரன்' படம் பார்த்த பிள்ளைகள் இதைத் தேடி வருவார்கள். படத்தில் ஓடிவிடும் சண்டையை, நாவலில் அப்பாவும் மகனும் பசியோடும் பயத்தோடும் கழிக்கும் நாட்களாகப் படிக்கும்போது, வன்முறையின் விலை என்ன என்று அவர்களே பேசுவார்கள்.

நம் வீட்டைக் கேள்வி கேட்கும் புத்தகங்களையும் கொடுக்க வேண்டும். சிவகாமியின் 'பழையன கழிதலும்' நாவலில் கௌரி என்ற படிக்கிற பெண், தலைவராக இருக்கும் தன் அப்பாவின் அதிகாரத்தைப் பார்த்துக் கோபப்படுகிறாள். வெளியே சாதிக்கு எதிராகப் பேசுகிறவர் வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்கிறார் என்ற கேள்வியை நம் பெண்பிள்ளைகள் கேட்காமல் இருக்க முடியாது. அந்த நாவலை எதிரிக்கு உதவும் புத்தகம் என்று ஒதுக்கினால், நம் வீட்டுப் பெண்பிள்ளையின் கேள்வியையும் ஒதுக்கியவர்கள் ஆவோம். ராம்ஜி சக்பால் மகனின் கேள்விக்கு முன் அமைதி காத்தார். நாம் மகளின் கேள்விக்கு முன்னும் அதைச் செய்ய வேண்டும்.

வயது ஒரு வழிகாட்டிதான், வேலி அல்ல. பன்னிரண்டு வயதில் 'கருக்கு' படிக்கும் பிள்ளையும் உண்டு, பதினாறு வயதில் படக்கதையில் திளைக்கும் பிள்ளையும் உண்டு. கனமான நூலைத் தனியாகப் படிக்க விடாதீர்கள். படித்து முடித்த அன்று பேசுவதற்கு ஒருவர் இருக்க வேண்டும். அதுதான் நிபந்தனை.

மற்றவர்களின் பிள்ளைகளுக்கும்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை ஆசிரியர் கழற்றிவிடலாம். கயிற்றைக் கட்டிக்கொள்ளச் சொன்ன கதையை யார் கழற்றுவது? ஆண்ட பரம்பரைக் கதையை வீட்டிலும் திருவிழாவிலும் கைப்பேசியிலும் கேட்டு வளரும் பதினாறு வயதுப் பையனுக்கு வேறொரு கதை தெரியாது. பிஷப் சொன்னதுபோல, கண்ணாடியை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை அவன். 'வடு'வும் 'கருக்கு'ம் அவன் கைக்கும் போய்ச்சேர வேண்டும். ஆகவே இந்தப் புத்தகங்களைச் சேரிப் படிப்பகத்தில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், ஊர் நூலகத்திலும் பள்ளி நூலகத்திலும் வைக்கச் சொல்லிக் கேட்போம்.

அது எளிதாக நடக்காது. 2021இல் டெல்லி பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் 'சங்கதி'யையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் நீக்கினார்கள். கல்லூரியிலேயே இந்த நிலை என்றால் பள்ளியில் எவ்வளவு எதிர்ப்பு வரும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது ஐந்து கேள்விகளைக் கேட்கலாம் என்பது எங்கள் யோசனை. நம் பிள்ளை இந்தக் கதையில் ஏதாவது செய்கிறதா, அல்லது அதற்கு எல்லாம் செய்யப்படுகிறதா? சிக்கலைத் தீர்ப்பது யார்? யாருடைய பேச்சு கேலிக்குரிய பேச்சாகவும் யாருடைய பேச்சு நல்ல தமிழாகவும் எழுதப்பட்டிருக்கிறது? படத்தில் கறுப்பு எங்கே வருகிறது? இந்தப் புத்தகத்தை வகுப்பில் சத்தமாக வாசித்தால் நம் பிள்ளை தலை நிமிர்ந்து உட்காருமா, தலை குனியுமா? கடைசிக் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், பிள்ளையையே கேளுங்கள்.

பிறகு நடைமுறை வேலைகள். 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நாம் நூலக வரியும் கட்டுகிறோம். நூலகத்தில் நமக்குப் புத்தகம் கேட்பது சலுகை அல்ல. கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேருங்கள், தேவைப்படும் நூல்களை எழுதிக் கொடுங்கள். அரசுப் பள்ளிகளில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வந்திருக்கின்றன. உங்கள் தெருப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரும்போது உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள். நல்லது எது என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள், போதாதது எது என்றும் சொல்லுங்கள். அம்பேத்கர் பிறந்தநாளுக்குப் பதாகைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கைப் படிப்பகத்துக்குக் கதைப்புத்தகம் வாங்க ஒதுக்குங்கள்.

எழுத வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தைகளுக்கு எழுதுவதை இலக்கியத்தின் கடைசி வரிசையில் வைக்காதீர்கள். நம் பாட்டிகள் சொன்ன கதைகள் இன்னும் நாற்றங்காலிலும் நூறுநாள் வேலைத் தளத்திலும் உயிரோடு இருக்கின்றன. கைப்பேசியில் பதிவு செய்து, எழுதி, படம் போட்டு, பதினாறு பக்கத்தில் அச்சிட்டாலும் அது ஒரு புத்தகம்தான்.

இதைப் பிள்ளைகளே செய்ய முடியும் என்பதற்கும் நம் வரலாற்றில் சான்று இருக்கிறது. புனேயில் சாவித்திரிபாயும் ஜோதிராவ் புலேவும் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, மாங், மகார் மக்களின் துயரங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். 1855இல் அது 'ஞானோதயா' இதழில் அச்சானது. அப்போது அவளுக்கு வயது பதினான்கு. வேதம் பிராமணர்களுடையது என்றால் எங்களுக்கு எந்த நூல் என்ற கேள்வியை அந்தச் சிறுமி அன்றே எழுப்பினாள்.

தோழர்களே, அந்தக் கேள்விக்கு நாம் இன்னும் முழுதாக விடை சொல்லவில்லை. படிப்பகத்தின் அலமாரியில் கதைப்புத்தகங்களை அடுக்கும்போது, பக்கத்தில் எழுதாத நோட்டுகள் சிலவற்றையும் வையுங்கள். பிடித்த கதையைப் பற்றி எழுதட்டும், பிடிக்காத கதைக்கு வேறு முடிவு எழுதட்டும். அடுத்த ஆண்டு இதே நினைவு நாளில், பெரியவர்கள் பேசும் முன்பு, அந்த நோட்டுகளிலிருந்து பிள்ளைகள் வாசிக்கட்டும். நாம் உட்கார்ந்து கேட்போம்.

ஜெய்பீம்.